விரலிடுக்கில் புண் ஆறி ஆறி மீண்டும் உடைகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி

எங்கள் வீட்டில் வளரும் மணி என்ற நாய்க்கு 4 வயது ஆகிறது. கலப்பினம், குட்டையான முடி, எடை 18 கிலோ. ஆறு வாரங்களுக்கு முன் அவனுடைய வலது முன்காலில், நடுவிரல்கள் இரண்டுக்கும் இடையே உள்ள தோல் பட்டாணி அளவுக்குச் சிவந்து வீங்கியது. இரண்டு நாள் அந்த இடத்தை ஓயாமல் நக்கினான். மூன்றாம் நாள் வீக்கம் உடைந்து, இரத்தம் கலந்த சீழ் வடிந்தது. மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் புண்ணைக் கழுவி, 7 நாளுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் 3 நாளுக்கு வலி மருந்தும் எழுதிக் கொடுத்து, பத்தாம் நாள் மீண்டும் அழைத்து வரச் சொன்னார். ஐந்தாம் நாளே புண்ணின் வாய் மூடிவிட்டது, காலைத் தாங்கித் தாங்கி நடப்பதும் நின்றுவிட்டது. ஆறிய புண்ணைக் காட்ட எதற்குப் போக வேண்டும் என்று நாங்கள் போகவில்லை. அது எங்கள் பிழை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து, மிகச் சரியாக அதே இடத்தில், அதே அளவில் வீக்கம் வந்து உடைந்தது. முன்பு எழுதிக் கொடுத்த மாத்திரையையே மருந்துக்கடையில் வாங்கி, இம்முறை 5 நாள் கொடுத்தோம், மறுபடியும் மூடிக்கொண்டது. நேற்று முன்தினம் மூன்றாம் முறையாக உடைந்திருக்கிறது. இப்போது துளை சிறியதுதான், குண்டூசித் தலையளவுகூட இராது. ஆனால் சுற்றிலும் தோல் கருஞ்சிவப்பாகத் தடித்திருக்கிறது, விரல் வைத்தால் சூடு தெரிகிறது. பாதத்தைத் தொட விடுவதே இல்லை. நாங்கள் அருகில் உட்கார்ந்தாலே காலை மடக்கி வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். சாப்பாட்டில் குறைவில்லை, மற்ற மூன்று கால்களிலும் எதுவும் இல்லை.

வீட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நாளுக்கு இரண்டு முறை கழுவுகிறோம். காய்வதற்காகப் புண்ணில் தூவும் பொடி ஒன்றைப் போடுகிறோம். நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பை வாங்கினோம். அதோடு கதவு நிலையில் இடித்துக்கொண்டு நடுங்கி நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் பகலில் கழற்றிவிடுகிறோம். கட்டுப் போடுவது நல்லதா, திறந்து விடுவது நல்லதா? அதே மாத்திரையை இன்னும் அதிக நாள் கொடுத்தால் போதுமா? இது வேறு ஏதாவது பெரிய நோயின் அறிகுறியா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில்

நண்பரே, இருபது ஆண்டுகளாக நாய் வளர்க்கிறேன். பாதப் புண்ணோடு பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். மாத்திரையைப் பற்றி மருத்துவம் படித்தவர்கள் சொல்லட்டும். வீட்டில் செய்யும் பராமரிப்பில் இரண்டு மூன்று விஷயங்களை நீங்கள் உடனே மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதால் அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் அழுக்கையெல்லாம் வெளியே தள்ளுவது போலத் தோன்றும். உண்மையில் கிருமியோடு சேர்த்து, புண்ணை மூடுவதற்காகப் புதிதாக முளைத்து வரும் உயிரணுக்களையும் அது அரித்துவிடுகிறது. தினமும் ஊற்றினால் புண் ஆறுவதற்குத் தடையாகிறது. ஸ்பிரிட்டும் அப்படியே, எரிச்சலும் தாங்க முடியாது, அடுத்த முறை காலை நீட்டவே மாட்டான். பொடியும் வேண்டாம். சீழோடு கலந்து கட்டிப் பொருக்காக இறுகி, வடிய வேண்டியதை அடைத்துக்கொள்ளும். தேயிலை மர எண்ணெய் இயற்கையானது என்று யாரேனும் சொன்னால் அதையும் கேட்காதீர்கள். நாய் அதை நக்கினாலும், தோல்வழியே உள்ளே போனாலும் நஞ்சாகலாம்.

கழுவுவதற்கு உப்புநீரைவிடப் பாதுகாப்பானது வேறில்லை. கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது மட்டமாக வழித்தெடுத்த ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்தால் உடலின் உப்புத்தன்மைக்கு இணையான கரைசல் கிடைக்கும். வெதுவெதுப்பாக இருக்கட்டும், உங்கள் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. அகன்ற பாத்திரத்தில் விரல்கள் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, காலைப் பத்து நிமிடம் அதில் வைத்திருங்கள்; நாளுக்கு மூன்று முறை. மணி பாத்திரத்தில் கால் வைக்க மறுத்தால், ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைசலை எடுத்து மென்மையாகப் பீய்ச்சலாம். கையுறை அணிந்துகொள்ளுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கழுவுவதைக் காட்டிலும் துடைப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். நாய்க்கு உடம்பில் வியர்வை வெளிப்படும் முக்கியமான இடமே உள்ளங்கால் மெத்தைகள்தாம். இயல்பாகவே ஈரம் தங்கும் இடுக்கில் நாம் கழுவிய நீரும் தேங்கினால் கிருமிக்கும் பூஞ்சைக்கும் விருந்து வைத்தது போலாகும். மேலிருந்து துடைத்தால் பயனில்லை. பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, கட்டை விரலால் உள்ளங்கால் மெத்தையை மெல்ல அழுத்துங்கள். விரல்கள் விசிறிபோல் விரியும். ஒவ்வோர் இடுக்கிலும் காஸ் துணியின் மடிப்பை நுழைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கடைசியாக எடுத்த துணி காய்ந்த துணியாகவே வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் சிறிய டார்ச்சை அடித்துப் பார்த்துவிடுங்கள். துளை எந்தத் திசையில் இருக்கிறது, வடிவது நீர்போல் இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா, நாற்றம் உண்டா என்று தேதியிட்டுக் குறித்து வைத்தால், மருத்துவரிடம் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரே கோணத்தில் படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

கூம்பைக் கழற்றாதீர்கள். இரவெல்லாம் மாட்டிவிட்டுப் பகலில் பத்து நிமிடம் கழற்றினாலும், நாயின் நாக்கு அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் மூன்று வேளை செய்த வேலையைக் கெடுத்துவிடும். நாயின் எச்சில் மருந்து என்பது பழம்பேச்சு. நாக்கின் சொரசொரப்பு புதுத்தோலை உரிக்கும், ஈரம் தோலை ஊறவைத்து இளக்கும், வாயில் உள்ள கிருமிகள் துளைக்குள் போகும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இருக்க வேண்டும். காற்றடைத்த வளையம் பார்ப்பதற்கு வசதியாகத் தெரிந்தாலும், கழுத்து நீண்ட நாய்கள் அதைத் தாண்டி முன்பாதத்தை எட்டிவிடும். கதவில் இடிப்பது மூன்று நாளில் சரியாகிவிடும். அதுவரை நடைபாதையில் இருக்கும் நாற்காலிகளை ஒதுக்கி வையுங்கள், தண்ணீர்ப் பாத்திரத்தைச் சிறு பலகைமீது உயர்த்தி வையுங்கள்.

இரண்டாம் பதில்

நான் கால்நடை மருத்துவர். நாயைப் பார்க்காமல் இன்ன நோய் என்று சொல்வது முறையன்று. ஆனாலும் நீங்கள் எழுதியுள்ள விவரங்களில் ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மூன்று முறையும் ஒரே கால், ஒரே இடுக்கு, ஒரே புள்ளி.

பாதப் புண்ணோடு வரும் நாயை மேசையில் ஏற்றியதும் நாங்கள் முதலில் எண்ணுவது எத்தனை கால்கள் என்பதைத்தான். இரண்டு, மூன்று, நான்கு பாதங்களிலும் சிவப்பும் தினவும் இருந்தால் ஒவ்வாமை, டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி, மலசீசியா என்ற பூஞ்சை, தைராய்டு சுரப்புக் குறைவு என்று உடல் முழுவதையும் தழுவிய காரணங்களைத் தேடுவோம். ஒரே பாதத்தில், அதுவும் ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் புள்ளிக்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். முள், மரச்சிராய், கண்ணாடித் துணுக்கு, புல்லின் கூர்விதை ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். இவற்றுள் புல்விதை மிகப் பொல்லாதது. அதன் முனை ஊசி போன்றது, விதையின் மேலுள்ள மயிர் போன்ற சிறு முட்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகவே நாய் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது முன்னே நகருமே தவிரப் பின்னே வராது. நுழைந்த துளை விரலிடுக்கில் இருக்க, விதை மணிக்கட்டை நோக்கி ஏறிப்போயிருப்பதும் உண்டு.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்ல வேண்டும். மணி குட்டை முடி நாய் என்கிறீர்கள். விறைப்பான குட்டை முடி, நடக்கும்போது ஏற்படும் அழுத்தத்தால் மயிர்க்காலுக்குள்ளேயே திருப்பித் தள்ளப்பட்டு, மயிர்க்கால் தோலுக்கு அடியில் வெடித்துவிடுவதுண்டு. வெளியே சிந்திய முடித்துண்டை உடல் அந்நியப் பொருளாகவே கருதி எதிர்க்கும். அதாவது நாயின் சொந்த முடியே முள்ளாகிவிடும். பலரும் இதை நீர்க்கட்டி என்று அழைக்கிறார்கள், ஆனால் இது கட்டியன்று, ஆழ்ந்த மயிர்க்கால் அழற்சி. உடலின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்களே தாங்குவதால் அங்கே இது அதிகம் தென்படுகிறது. உடல் பருமனும் இதற்குத் துணைபோகிறது. 18 கிலோ என்பது மணியின் உயரத்துக்குப் பொருத்தமானதுதானா, விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

எந்தக் காரணமாயினும், உள்ளே ஒரு பொருள் கிடக்கும்வரை மாத்திரை செய்யும் வேலை அரைகுறையாகவே முடியும். ஸ்டஃபிலோகாக்கஸ் சூடின்டெர்மீடியஸ் என்ற பாக்டீரியா நலமாக இருக்கும் நாயின் தோலிலும் வாழ்வது. தோல் உடைந்த இடத்தில் அதுவே சீழ் பிடிக்க வைக்கிறது. மருந்து இரத்தத்தின் வழியே திசுவுக்குப் போய்ச் சேரும். உயிரற்ற முள்ளுக்கு இரத்த ஓட்டம் இல்லை. அதன்மேல் படலமாகப் படிந்துள்ள கிருமிகள் தப்பித்துக்கொள்ளும். மாத்திரை நின்றதும் அவை பெருகும், அழுத்தம் ஏறும், வாய் திறக்கும். நம் பெரியவர்கள் புரையோடிய புண் என்றார்களே, அது இதுதான்: மேலே தோல் கூடியிருக்கும், உள்ளே குழி ஆறாமல் இருக்கும். ஐந்தாம் நாளில் வாய் மூடியது உங்களுக்கு நல்ல செய்தியாகத் தெரிந்தது. இம்மாதிரிப் புண்ணில் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும், வாய் கடைசியில்தான் மூட வேண்டும்.

ஆகவே அதே மாத்திரையை நீங்களாகவே வாங்கி நீட்டிக்கொண்டு போக வேண்டாம். அரைகுறையாக 5 நாள், 7 நாள் என்று கொடுத்து நிறுத்துவது மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்க்கும். ஆழமான தோல் தொற்றுக்குப் பல வாரங்கள் மருந்து தேவைப்படலாம். எப்போது நிறுத்துவது என்பதை நாட்காட்டி முடிவு செய்யாது, மருத்துவர் பாதத்தைத் தடவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பத்தாம் நாள் வரச் சொன்னது அதற்காகத்தான். வடியும் சீழைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது, தோலைச் சுரண்டி உண்ணி இருக்கிறதா என்று தேடுவது, புண்ணின் ஆழத்திலிருந்து மாதிரி எடுத்து எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று வளர்ப்புப் பரிசோதனை செய்வது ஆகிய மூன்றையும் கேளுங்கள். எக்ஸ்ரேயில் உலோகமும் பெரும்பாலான கண்ணாடியும் தெரியும். முள்ளும் புல்விதையும் தெரியா. எனவே எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதற்கு உள்ளே ஒன்றுமில்லை என்று பொருளில்லை. இருந்தாலும் எலும்புக்குத் தொற்று பரவியிருக்கிறதா என்று அறிய அது பயன்படும். அல்ட்ராசவுண்டில் சில வேளை விதை அகப்படும். முடிவாக, மயக்க மருந்து கொடுத்துத் துளை வழியே உள்ளே ஆராய்ந்து பார்ப்பதே பல நேரங்களில் தேவையாகிறது.

வலிக்கு மனிதர்களின் மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது. ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும், டைக்ளோஃபெனாக்கும் அபாயமானது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்; மனிதரைவிட அதிகம் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யாதீர்கள். ஆசனவாய் வழியே வைக்கும் வெப்பமானியில் 39.4 டிகிரி செல்சியசைத் தாண்டினாலோ, வீக்கம் பாதத்திலிருந்து மேலே ஏறினாலோ, தோளுக்கு முன்னால் நெறி கட்டியிருந்தாலோ, சாப்பாட்டை மறுத்துச் சுருண்டு படுத்தாலோ, புண்ணில் புழு நெளிந்தாலோ அன்றைக்கே கொண்டு போங்கள். இப்போதைய நிலையில் இரண்டு நாளுக்குள் காட்டினால் போதும்.

மேலே நண்பர் எழுதியதில் ஏறக்குறைய முழுவதும் உடன்படுகிறேன். ஊறவைக்கும் நேரத்தை மட்டும் ஐந்து நிமிடமாகக் குறைக்கலாம். அதிகம் ஊறினால் தோல் வெளுத்து இளகிவிடும். உப்புநீரோடு ஒரு வேளை கிருமிநாசினி வேண்டுமென்றால், நுரை வராத குளோர்ஹெக்சிடின் கரைசல் 2 சதவீத வலிமையில் இருப்பதை 10 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து 400 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். திறந்த புண்ணுக்கு 0.05 சதவீதம் போதுமானது. கெட்டியாக ஊற்றினால் விரைவில் ஆறும் என்பது தவறான எண்ணம்.

மூன்றாம் பதில்

கட்டுப் போடலாமா என்ற கேள்விக்கு, நான் செய்த தவறிலிருந்து ஒரு பதில். எங்கள் பெண் நாய்க்கு உள்ளங்கால் மெத்தை கிழிந்தபோது, அவள் அவிழ்த்துவிடுகிறாளே என்று எலாஸ்டிக் பட்டியை இழுத்து இறுகச் சுற்றினேன். இரவு முழுக்க அவள் முனகினாள். புண்ணின் வலி என்று நினைத்துத் தலையைத் தடவிக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் அவிழ்த்தால் பாதம் பொதபொதவென்று வீங்கி, விரல்கள் குளிர்ந்து கிடந்தன. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் சதையே அழுகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

பிறகு அவர் கற்றுக்கொடுத்த முறை இது. முதலில் ஒவ்வொரு விரலிடுக்கிலும், பக்கவாட்டில் உள்ள ஒற்றை நகத்துக்கு அடியிலும் சிறிது பஞ்சு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நகம் பக்கத்து விரலில் குத்தும். புண்மேல் ஒட்டாத வகைக் காஸ், அதன்மேல் பஞ்சுச் சுருள் இரண்டு மூன்று சுற்று, கடைசியில்தான் பட்டி. விரல் முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். பட்டியை முதலில் சுருளிலிருந்து தளர்த்தி எடுத்துவிட்டுப் பிறகு படிய வைக்க வேண்டும், இழுக்கக்கூடாது. நடுவில் உள்ள இரண்டு நகங்கள் வெளியே தெரிய வேண்டும். அந்த இரண்டு நகங்கள்தாம் காவல்காரர்கள்: அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போனால் உள்ளே வீங்குகிறது என்று அறிந்து உடனே அவிழ்க்க வேண்டும். வடிகிற புண்ணானால் தினமும் மாற்ற வேண்டும், நனைந்தால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். வெளியே போகும்போது மேலே பிளாஸ்டிக் உறை மாட்டி, உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்து விட்டால் உள்ளே வியர்த்துப் புழுங்கும்.

உங்கள் மணிக்கு இப்போது கட்டு தேவையா என்பது எனக்குச் சந்தேகமே. சீழ் வடிகிற துளையை மூடிக் கட்டினால் வடிகால் அடைபடும். கூம்பு மாட்டி, காய்ந்த சுத்தமான தரையில் வைத்திருந்து, வெளியே போகும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் தளர்வான பருத்திக் காலுறை மாட்டினால் போதாதா? மருத்துவர் அவர்கள் தவறிருந்தால் திருத்தட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நாளை மறுநாளுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். எழுத வெட்கமாக இருந்ததால் முதலில் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் முறை உடைந்தபோது, வீட்டில் இருந்த தோல் களிம்பு ஒன்றை, படைக்காக என் அண்ணன் வாங்கியது, நான்கு நாள் தடவினேன். மறுநாளே சிவப்பு வடிந்துவிட்டதால் நல்ல மருந்து என்றே எண்ணினேன். இப்போது குழாயைப் படித்துப் பார்த்தால் குளோபெட்டசால் என்று இருக்கிறது. அதனால் கெடுதல் உண்டா? பாதத்தைத் தொடவே விடாதவனுக்கு மூன்று வேளை எப்படிக் கழுவுவது?

இரண்டாம் பதில் எழுதியவர்

சொன்னது நல்லதாயிற்று, மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள், குழாயையே எடுத்துப் போங்கள். குளோபெட்டசால் மிக வலிமையான ஸ்டீராய்டு. தொற்றை எதிர்க்க உடல் எழுப்பும் சிவப்பையும் வீக்கத்தையும் அது அடக்கிவிடும். கிருமி அப்படியே இருக்கும். சிவப்பு வடிந்தது புண் ஆறியதால் அன்று, உடலின் எதிர்ப்பு அடங்கியதால். டெமோடெக்ஸ் உண்ணி இருந்திருந்தால் இன்னும் பெருகியிருக்கும். நான்கு நாள் மெலிதாகத் தடவியதில் நிலையான கேடு வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு; நக்கி விழுங்கியிருந்தால் தாகமும் சிறுநீரும் அதிகமாகியிருக்கும். இதை நான் வலியுறுத்தக் காரணம் வேறு: ஸ்டீராய்டையும் அழற்சி அடக்கும் வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நாயின் இரைப்பையில் புண் உண்டாகக்கூடும், எனவே வலி மருந்து எழுதும் மருத்துவருக்கு இந்தத் தகவல் வேண்டும்.

கட்டு பற்றி மூன்றாம் நண்பர் சொன்னதில் திருத்த எதுவுமில்லை. வடிகிற துளையை வடிய விடுங்கள். நடையைச் சிறுநீர், மலம் கழிக்கும் அளவுக்கு மட்டும் சுருக்கி, கயிற்றிலேயே அழைத்துச் செல்லுங்கள். ஓட்டமும் தாவலும் வேண்டாம். ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் விரிந்து புண்ணின் ஓரங்களை இழுக்கின்றன.

நான்காம் பதில்

தொட விடாத நாயை நான்கு பேர் பிடித்து அமுக்கிக் கழுவினால் அன்று ஒரு நாள் வேலை முடியும், அடுத்த நாளிலிருந்து பாத்திரத்தின் ஓசை கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நான் வேறு வழியில் பழக்கினேன். முதல் அமர்வில் நல்ல காலின் தோளை மட்டும் ஒரு நொடி தொட்டு, உடனே மிகப் பிடித்த தின்பண்டத்தில் துணுக்கு ஒன்று. பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, அப்புறம் பாதம். அதன்பின் இதே வரிசையில் புண்பட்ட கால். அவன் காலை இழுத்தால் நான் விட்டுவிடுவேன், ஒரு படி கீழே இறங்கி மீண்டும் தொடங்குவேன். தொட்ட பிறகுதான் துணுக்கு. முன்னால் காட்டி ஆசை காட்டக்கூடாது. நாளுக்கு நான்கைந்து முறை, முறைக்கு இரண்டு நிமிடம். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதுவரை தொடாமலேயே சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவினேன். வலி அதிகமாக இருக்கும்போது சாது நாயும் கடிக்கும் என்பதால், முகக்கூட்டை மாட்டப் பழக்கி வைப்பதிலும் தவறில்லை. மூச்சிரைக்க வாய் திறக்க முடிகிற கூடை வகையாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர், ஆறு வாரங்களுக்குப் பிறகு

நடந்ததை எழுதாமல் விட்டால் இதைப் படிக்கும் அடுத்தவருக்குப் பயன்படாது என்பதால் திரும்பி வந்திருக்கிறேன். உண்ணிச் சோதனையில் எதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. இரண்டாம் பதிலைப் படித்திராவிட்டால் நான் அதோடு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். உள்ளே பார்க்க வேண்டும் என்று மருத்துவரே சொன்னார். மயக்கம் கொடுத்து, விரலிடுக்கில் முடியைச் சிரைத்து, மெல்லிய கம்பியைத் துளைக்குள் செலுத்தியபோது அது நேர்கீழே போகவில்லை. சாய்வாக மேல்நோக்கி 2 சென்டிமீட்டருக்கு மேல் போயிற்று. அதன் முடிவிலிருந்து இடுக்கியால் எடுத்ததைக் காஸ் துணியில் வைத்துக் காட்டினார். பழுப்பு நிறத்தில், அரிசியைவிடச் சற்று நீளமாக, ஒரு நுனி முறிந்த புல்விதை. ஆறு வாரமாக அந்தக் காலை நாங்கள் கழுவிக்கொண்டிருந்தோம்!

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு. முதல் முறை எழுதிக் கொடுத்த அதே ஆன்டிபயாட்டிக்குக்கு அந்தக் கிருமி நன்றாகவே அடங்குகிறது என்று வந்தது. மருந்தில் குறையில்லை. அதே மருந்தையே இம்முறை சாப்பாட்டோடு 3 வாரம் கொடுத்தோம். நடுவில் இரண்டு முறையும் முடிவில் ஒரு முறையும் மருத்துவர் பாதத்தைப் பார்த்தார். துளையைத் தைக்கவில்லை. உள்ளிருந்து நிரம்பட்டும் என்று திறந்தே விட்டார். முதல் வாரம் இளஞ்சிவப்பு நீர் வடிந்தது, இரண்டாம் வாரம் துணியில் ஈரப் புள்ளி மட்டும் இருந்தது, அதன்பின் காய்ந்தது. நீங்கள் சொன்னபடி வாய் கடைசியில்தான் மூடியது. நடைக்குப் போய் வந்ததும் நான்கு பாதங்களையும் விரித்து, இடுக்கு இடுக்காகப் பார்ப்பது இப்போது எங்கள் வேலையாகிவிட்டது. விதை முற்றிய உயரமான புல் உள்ள பக்கம் போவதில்லை, விரல்களுக்கு நடுவே நீளும் முடியைக் கத்தரித்து விடுகிறோம்.

தொட்டுப் பழக்குவது எனக்கு மூன்று நாளில் வரவில்லை, பதினோரு நாள் ஆயிற்று. சிரைத்த இடத்தில் முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. கூம்பைப் பரணில் போட மனம் வராமல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். கதவைச் சாத்தினால் அது கண்ணில் படும், உடனே மணி எழுந்து, நான்கு கால்களையும் சமமாக ஊன்றி, அடுத்த அறைக்குப் போய்விடுகிறான்.